பொட்டு வைத்த பதிவேடு

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்று வளர்த்தது நான்கு. பெறாமல் வளர்த்தது முந்நூறுக்குக் குறையாது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், லைசன்ஸ் வாங்கி நடத்திய ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் கல்பாக்கத்துக்கோ கம்ப்யூட்டர் கம்பெனிக்கோ வேலைக்குப் போனால், அவர்கள் பிள்ளை சாயங்காலம் வரை என் இடுப்பில். ஒரு பிள்ளையைக்கூட நான் கீழே போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நான் இருந்த காலத்தில் ஐந்தே மாதத்தில் அங்கே பதினைந்து பேருக்கு விபத்து நடந்ததாக ஒரு பதிவேடு சொல்கிறது. எழுதியது நான்தான். கையெழுத்து மணிமணியாக இருக்கும்.

காப்பகத்தை நடத்தியவர் லலிதா மேடம். வேலைக்குச் சேரும்போது எதுவரை படித்திருக்கிறாய் என்று கேட்டார். அஞ்சாவது என்றேன். (உண்மையில் இரண்டாவது. அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே நின்றதுதான்.) பிறகு முதியோர் கல்வி வகுப்புக்குப் போய் எழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். பார்த்து எழுதச் சொன்னால் அச்சு மாதிரி எழுதுவேன். படிப்பதுதான் தகராறு. எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

அந்த நேரம் ஏதோ ஊரில் பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்துப் பிள்ளைகள் மாண்டுபோன செய்தி வந்தது. அதைக் கேட்ட அன்று நாங்கள் யாருமே சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் கெடுபிடி. மாதம் ஒரு தடவை வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும், என்ன பயிற்சி, யார் யார் வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை செங்கல்பட்டிலிருந்து அதிகாரி வந்து அதைப் பார்த்தால்தான் லைசன்ஸ். ஆயாக்களில் யார் எழுதுவது என்று மேடம் கேட்டார். இன்னோர் ஆயா மல்லிகா, கைநாட்டு. நான் எழுந்து, நானே எழுதறேன் என்றேன். மல்லிகா என்னைக் கலெக்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே இன்னும் பத்து நோட்டு எழுதியிருப்பேன்.

ரிட்டயரான நர்சம்மா ஒருவர் வந்து சொல்லிக் கொடுப்பார். அன்றைய பாடத்தின் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுவார். அதைப் பார்த்து அப்படியே நோட்டில் வரைந்துவிடுவேன். பக்கத்தில் மூன்று பெயர்: லலிதா, தேசம்மா, மல்லிகா. தேசம்மா நான். கடைசிக் கட்டத்தில், ‘நல்லபடியாக முடிந்தது’ என்று எழுத மேடம் பழக்கியிருந்தார். அதற்குக் கீழே, ‘எல்லோருக்கும் வடை கொடுத்தது’ என்பது என் சொந்தச் சேர்க்கை. (நடந்ததைத்தானே எழுத வேண்டும்.)

அலமாரியில் ஒரே அளவில், ஒரே பழுப்பு அட்டையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று பயிற்சிக்கு, ஒன்று விபத்துக்கு. எது எது என்று அட்டையில் எழுதித்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மல்லிகா எதிரில் நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் என் அஞ்சாவது என்ன ஆவது? ஆகவே பயிற்சி நோட்டின் மேல் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். மேடம் அதை என் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. தையல் மிஷின், மிக்ஸி, மூன்று சக்கர சைக்கிள், முதலுதவிப் பெட்டி, அலமாரியில் இருந்த நோட்டுகள் என்று எல்லாவற்றுக்கும் மல்லிகா சந்தனம் குங்குமம் வைத்தாள். தாராளமான கை அவளுக்கு.

அடுத்த பயிற்சி முடிந்து அலமாரியைத் திறந்தால் இரண்டு நோட்டிலும் பொட்டு. வி, ப, த், து. நான்கே எழுத்து. கூட்டிப் படித்திருக்கலாம். மல்லிகா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் பொட்டின் மேல் இன்னொன்று சேர்ந்திருக்கும் என்று, பொட்டு பெரிதாக இருந்த நோட்டை எடுத்தேன். உள்ளே ஒரு எழுத்து இல்லை. பூஜைக்கு மேடம் புது நோட்டு போட்டிருக்கிறார் என்று நானே முடிவுகட்டி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் மேடம் போனில் பேசிக்கொண்டே அடுக்கில் இருந்ததற்கெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

மாசி மாதம் அதிகாரியம்மா வந்தார். கண்ணாடி போட்ட, சத்தம் போட்டுப் பேசாத அம்மா. நோட்டைப் புரட்டியவர் முகம் மாறிவிட்டது. எங்களை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மல்லிகாவிடம் கேட்டார்:

“பாம்புக்கடியில நீங்களும் இருந்தீங்களா?”

“இருந்தன் மேடம். மூணு பேரும் ஒண்ணாத்தான் குந்திகினு இருந்தோம்.”

“மூச்சடைப்பு?”

“அதுல தேசக்காதான் பஸ்ட்டு. எனுக்கு ரெண்டு வாட்டி ஆச்சி.”

“தண்ணியில மூழ்கினது, கரண்ட் ஷாக், தீக்காயம்?”

“எதுவும் வுடல மேடம். மாசா மாசம் வடை கூட குடுத்தாங்க.”

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு லலிதா மேடத்திடம், ஐந்து மாதமாக இங்கே பயிற்சி ஒன்றுகூட நடக்கவில்லை, விபத்து மட்டும் பதினைந்து பேருக்கு நடந்திருக்கிறது, இந்த இடத்துக்கு எப்படி லைசன்ஸ் புதுப்பிப்பது என்று கேட்டார். லைசன்ஸ் இல்லையென்றால் மறுநாளே கதவைச் சாத்த வேண்டும். உள்ளே முப்பத்திரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேடம் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டும் நின்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“மேடம், அதெல்லாம் பயிற்சி. நோட்டு மாத்தி எழுதிட்டன். எனுக்கு சரியா படிக்க வராது. அஞ்சாவதுன்னு சொன்னது பொய்யி.”

லலிதா மேடம் மெதுவாக, “படிக்கத் தெரிஞ்ச நானும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றார். அன்றைக்கு அந்த அறையில் எங்கள் இரண்டு பேர் படிப்பும் ஒன்றாகிவிட்டது.

அதிகாரியம்மா மூலையில் கிடந்த ஒற்றைக் கை பொம்மையை என்னிடம் நீட்டி, கைக்குழந்தை தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது, மூச்சு வரவில்லை, என்ன செய்வாய் என்றார். கை தானாகப் போனது. பொம்மையை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு. திருப்பி, நெஞ்சில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீர் இருபது நிமிஷம்; இங்க்கும் பேஸ்ட்டும் கிட்டே வரக் கூடாது. பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், நடக்க விடாமல் நேரே பெரியாஸ்பத்திரி. மல்லிகாவும் பாதியில் சேர்ந்துகொண்டாள்.

எல்லாம் கைக்குத் தெரிஞ்சிருக்குது, இதை நோட்டில் எழுதித்தான் ஆகணுமா என்று கேட்டுவிட்டேன். திமிர் அப்போதும் போகவில்லை.

அதிகாரியம்மா கோபப்படவில்லை. “நீங்க வேலைய விட்டா உங்க கை உங்களோட போயிடும். நோட்டு இங்கேயே இருக்கும். அடுத்து வர்ற ஆயாவுக்கு இது கத்துக் குடுத்தாச்சா இல்லையான்னு இந்தப் பிள்ளைங்க வந்து சொல்லுமா?”

பேனாவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஐந்து வரிகளுக்குப் பக்கத்திலும், ‘இது விபத்து அல்ல, பயிற்சி’ என்று என்னையே எழுத வைத்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அரை மணி நேரம் ஆனது. யாரும் சிரிக்கவில்லை. மல்லிகாகூடச் சிரிக்கவில்லை. (அன்றைக்கு மட்டும்.) பதினைந்து நாள் கழித்துத் திரும்பவும் வந்து, சரியான நோட்டை என்னையே எடுக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் லைசன்ஸில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பதினைந்து நாளில் பிள்ளைகளின் படப் புத்தகம் ஒன்று விடாமல் படித்து முடித்தேன். மத்தியானம் அவர்கள் தூங்கும்போது.

மல்லிகா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். என் பெரியவன் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும், “விபத்து நல்லபடியாக முடிந்தது” என்று என் மகளே ஆரம்பித்தாள். “எல்லோருக்கும் வடை கொடுத்தது” என்று பந்தலே சேர்ந்து முடித்தது. வளைகாப்பு, காதுகுத்து, பேத்தி பரீட்சையில் தேறியது, எதற்கும் எங்கள் வீட்டில் இதுதான் வாழ்த்து. கேட்கிறவர்கள் பயந்துபோகிறார்கள்.

இதையெல்லாம் நானே எழுதினேன், பேத்தி தூக்கிப் போட்ட பழைய நோட்டு ஒன்றில். எழுத்துப் பிழையை அவள் பார்த்துக்கொள்வாள். வெண்ணிலா, வா, இப்டி வந்து குந்து. எழுதனத படிச்சிக் காட்டு, ஒரு வரி வுடாம. உள்ள கீறது அப்புறம். மொதல்ல அட்டையில இன்னா எழுதிக்கீதுன்னு படி.