லினக்ஸில் கேம் ஓடாது

இந்தத் தவக்காலத்தில் வீடியோ கேமைத் துறக்கிறேன் என்று விபூதிப் புதனன்று அறிவித்தேன். நெற்றியில் பூசிய சாம்பல் இன்னும் உதிரவில்லை. குரல் தழுதழுத்தது. எனக்கே என்மேல் ஒரு பக்தி வந்தது.

அறிவித்தவன் நான். அறிவிக்க வைத்தவள் என் மனைவி றோஸ்மேரி. எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ஒனிஹங்கா என்ற பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் மேற்பார்வையாளர். அங்கே எந்தப் பிடிவாதக் கிழவரையும் ஒரு பார்வையாலேயே மாத்திரை விழுங்க வைப்பாள். வீட்டில் இருக்கிற ஒற்றைச் சிறில், நான், அவளுக்கு எந்த மூலைக்கு?

கோயிலால் வரும் வழியில் காரில்தான் தொடங்கினாள்.

"நான் தேத்தண்ணியை விடுறன். நீங்கள் எதை விடுறீங்கள்?"

"நான் பாவற்காயை விடுறன்."

"பிடிச்சதை விடோணுமப்பா."

"அப்ப உம்மை விடவோ?"

இதை நான் சொல்லவில்லை. நினைத்தேன். நினைத்ததற்கே கார் ரவுண்டபௌட்டை இரண்டு தரம் சுற்றியது.

"கேமை விடுங்கோ," என்றாள். "உயிர்த்த ஞாயிறு வரும் மட்டும். இடையில தொட்டீங்களெண்டால் அந்தக் கம்பியூட்டர் புக்கெகோஹிக்குப் போகும்."

மோட்டர்வேயில் தெற்கே போனால் வருகிற புக்கெகோஹியில் அவளுடைய தங்கை அஞ்சலினா இருக்கிறாள். வேலையோடு சேர்த்து ஏதோ படிக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கம்பியூட்டரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள். அது பாகம் பாகமாக நான் தேடி வாங்கி, என் கையால் பூட்டிய கம்பியூட்டர். அதன் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு நாள் முடிந்த நிம்மதி வரும். அது அஞ்சலினா வீட்டு மேசையில் பூப்போட்ட துணி போர்த்தி இருப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

பயம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். என் பழைய விண்டோஸுக்குக் காலம் முடிந்துபோயிருந்தது. புதியது என் கம்பியூட்டரில் ஏறாது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

"றோஸ், நான் விண்டோஸையே அழிச்சுப்போட்டு லினக்ஸ் போடப்போறன்," என்றேன்.

"அதென்ன சாமான்?"

"அது துறவிகளுக்கு எண்டு செய்தது. எழுதலாம், வாசிக்கலாம், செபமாலை கேக்கலாம். கேம் ஓடாது."

"ஒண்டும் ஓடாதோ?"

"ஊராது கூட."

அவள் என்னை ஒரு தரம் முழுதாகப் பார்த்தாள். "சரி," என்றாள். றோஸ்மேரி சண்டை பிடித்தால் எனக்குப் பயமில்லை. "சரி" என்றால்தான் பயம்.

லினக்ஸில் கேம் ஓடாது என்பது ஒரு காலத்து உண்மை. வாசகர்களே, இப்போது ஓடும். துள்ளும். சில கேம்கள் விண்டோஸில் ஓடியதைவிட நன்றாக ஓடும். இது எனக்குத் தெரியும். ஒனிஹங்காவில் களஞ்சிய வேலை செய்யும் என் நண்பன் யசீகரனுக்குத் தெரியும். றோஸ்மேரிக்குத் தெரியாது. அந்த ஒரு அறியாமையின் மேல்தான் என் தவக்காலம் முழுவதையும் கட்டியிருந்தேன்.

த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக் கராஜ்தான் என் கம்பியூட்டர் அறை. றோஸ்மேரி வேலையால் வருவதற்கு முன்னுள்ள கொஞ்ச நேரம் என்னுடைய நேரம். விளையாடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நடுங்கினேன் என்பதுதான் சரி. திரையில் பூதம் துரத்தும். அதற்கு நான் பயப்படவில்லை. பக்கத்து வீட்டில் குப்பைத்தொட்டி உருண்டால் குதிரையோடு பள்ளத்தில் பாய்ந்து செத்தேன். கூரியர்காரன் வந்து மணி அடித்தால் கையிலிருந்த கன்ட்ரோலரைச் சலவை மெஷினுக்குள் போட்டேன். ஒரு நாள் அது மறந்துபோய்ச் சலவைக்கும் போனது. பெரிய கேம்கள் முதன்முதல் திறக்கும்போது லினக்ஸில் ஏதேதோ ஆயத்தம் செய்துகொண்டு ஒரு கோடு மெல்ல மெல்ல நகரும். அந்தக் கோடு முடிகிற நேரம் பார்த்துத்தான் அவளுடைய கார் உள்ளே திரும்பும். பாதி நாள் நான் துறந்துதான் இருந்தேன், அந்தக் கோட்டின் தயவால்.

முதல் கண்டம் ஸ்டீமால் வந்தது. கேம் விற்கிற இணையக் கடை அது. சாப்பாட்டு மேசையில் கிடந்த என் போனில் ஒரு செய்தி மின்னியது. றோஸ்மேரி எட்டிப் பார்த்தாள்.

"ஆரப்பா இந்த ஸ்டீம்? நீங்கள் ஆசைப்பட்டது மலிவா வந்திருக்காம்."

"அது... ஸ்டீமர். புட்டு அவிக்கிறது."

"நீங்கள் புட்டு அவிக்க ஆசைப்பட்டனீங்களோ?"

"கனகாலமா."

"எனக்குச் சொல்லவேயில்லை!" அவள் கண் கலங்கியது. "அப்ப வாங்குங்கோ."

இரண்டையும் வாங்கினேன். கேமையும் ஸ்டீமரையும். அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் என்னுடைய நேரத்தில் பாதி புட்டு அவிப்பதிலேயே போனது. மா குழைத்த கையோடு பூதம் சுட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

இரண்டாவது கண்டம் அதைவிடப் பெரியது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு விளக்கம். விண்டோஸுக்கு என்று செய்த கேமை லினக்ஸில் ஓட்டுவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் பெயர் வைன். அதைப் பெற்றவர்கள் வைத்த பெயர், நான் வைத்ததில்லை. ஒரு கேமுக்குப் போட்ட வைன் இன்னொன்றைக் குழப்பாமல் தனித்தனியாக வைக்க இன்னொரு மென்பொருள். அதன் பெயர் பொட்டில்ஸ். யசீகரனும் நானும் கதைக்கும்போது அதைத் தமிழாக்கிப் போத்தல் என்போம். தமிழ்ப் பற்று இப்படிக் காலை வாரும் என்று யார் கண்டது?

அன்று ஒரு கேம் அடம்பிடித்தது. கைகள் இரண்டும் கன்ட்ரோலரில். போனை ஸ்பீக்கரில் போட்டு யசீகரனோடு கத்தினேன்.

"மச்சான், பழைய வைன் எனக்குச் சரிவரேல்லை. தலை சுத்துது."

"புது வைனை எடடா. அதையும் இதையும் ஒரே போத்தலுக்க கலக்காத."

"கலக்கேல்லை மச்சான். ஒவ்வொண்டுக்கும் தனிப்போத்தல்தான் வைச்சிருக்கிறன்."

"வைன் இல்லாமல் பாத்தனியோ?"

"வைன் இல்லாமல் எனக்கு ஒண்டும் ஓடாதடா!"

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சலவைக் கூடை தரையில் விழுந்த சத்தம். அன்று றோஸ்மேரி வேளைக்கே வந்திருந்தாள். நான் திரும்புவதற்கு முன் திரையை அணைத்துவிட்டேன். அதில் எனக்குப் பல வாரப் பயிற்சி.

"எவ்வளவு காலமா?" என்றாள்.

"என்னது?"

"வைன்."

வாசகர்களே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் திருப்பலியில் தவிர வைனை மணந்தும் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் குடிகாரன் என்ற பழி போகும். கூடவே கம்பியூட்டரும் போகும். பொய்யைச் சொன்னால் மானம் மட்டும்தான் போகும். மானத்தை நான் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டவில்லை.

"தவக்காலம் தொடங்கினதில இருந்து," என்றேன்.

அவள் சலவை மெஷின் மேல் சாய்ந்தாள். கத்தவில்லை.

"சிவப்போ வெள்ளையோ?"

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமில்லை. வைன் ஓடும்போது திரையில் தெரிகிற கட்டம்தான் நினைவுக்கு வந்தது.

"கறுப்பு."

"கறுப்பு வைனோ?"

"இப்ப புதுசா வந்திருக்கு."

"போத்தல் எங்க?"

"எது?"

"ஒவ்வொண்டுக்கும் தனிப்போத்தல் எண்டீங்களே, அது."

"முடிஞ்சுது. எறிஞ்சிட்டன்."

"எத்தினை?"

"எண்ணேல்லை. வெறியில எப்பிடி எண்ணுறது?"

றோஸ்மேரி கொஞ்ச நேரம் என் முகத்துக்குக் கிட்ட வந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். பிறகு கூடையை எடுத்தாள்.

"சரி," என்றாள்.

அந்த "சரி"க்குப் பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கோயிலில் யாராவது தோளில் தட்டினால் திடுக்கிட்டேன். பூசை வைக்கிற சுவாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார்? செப வட்டத்தில் சொல்லிவிட்டாளா? ஊருக்குப் போன் போய்விட்டதா? மாமியார் முழந்தாளில் நின்று எனக்காகச் செபிக்கிறாரா? ஆனால் கராஜுக்குப் போய் விசிறிச் சத்தம் கேட்டால் ஒரு ஆறுதல். கம்பியூட்டர் இருக்கிறது. குடிகாரன் ஆனாலும் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

சனிக்கிழமை றோஸ்மேரி சொன்னாள்:

"பின்னேரம் மகேசன் அண்ணை வருவார். நீங்கள் அவரோட ஒருக்கால் மனம்விட்டுக் கதைக்கோணும்."

"ஆர் அவர்?"

"உங்களுக்குத் தெரியாது. எத்தினை குடும்பங்களை நல்ல இடத்தில கொண்டுபோய் விட்ட மனுசன்."

எனக்கு விளங்கிவிட்டது. குடியை விட்டு எழும்பி, மற்றவர்களையும் எழுப்புகிற ஆள். இப்படிப்பட்டவர்கள் கையைப் பிடித்தால் விடமாட்டார்கள்.

மகேசன் அண்ணை வந்தார். கதவளவு ஆள். தோள் இரண்டும் மூட்டை மாதிரி. என் கையைப் பிடித்தார். விடவில்லை. நேரே கராஜுக்குத்தான் வந்தார். கம்பியூட்டரை மேலும் கீழும் பார்த்தார். சுற்றி வந்து பின்பக்கத்தையும் பார்த்தார்.

"தம்பி, நீர் ஒத்துக்கொண்டதே பெரிய விசயம்," என்றார்.

"ஓம் அண்ணை."

"மனசை வேற பக்கம் திருப்போணும். கை சும்மா இருந்தால் கிளாஸைத் தேடும்."

"ஓம் அண்ணை."

"பின்னேரத்தில ஏதாவது கேம் விளையாடலாமே? நல்ல மருந்து அது."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. வானம் திறந்தது மாதிரி இருந்தது. றோஸ்மேரியைப் பார்த்தேன். அவள் துவாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

"விளையாட விடலாம் அண்ணை," என்றாள் கவலையோடு. "நானும் ஓம் எண்டு சொல்லியிருப்பன். என்ன செய்யிறது? அவர் லினக்ஸ் போட்டிட்டார். அதில கேம் ஓடாது."

"அப்பிடியோ? பாவம்," என்றார் மகேசன் அண்ணை.

பல வாரப் பயம் எனக்குள் ஒரே அடியாக உடைந்தது. மனைவி சம்மதித்துவிட்டாள்! வைத்தியம் என்று சொல்லியாயிற்று! இனி ஒளிக்க வேண்டாம், நடுங்க வேண்டாம், புட்டு அவிக்க வேண்டாம்!

"ஆர் சொன்னது ஓடாது எண்டு?" என்று பாய்ந்தேன். "அது அந்தக் காலம் அண்ணை! இப்ப எல்லாம் ஓடும். இஞ்ச பாருங்கோ!" திரையைப் போட்டேன். கேம்கள் வரிசையாக மின்னின. "இது ஸ்டீம். இதில வாங்கினது. மற்றதெல்லாம் போத்தலில போட்டிருக்கிறன். வைன் எண்டு ஒரு சாமான், அதைப் போட்டால்..."

விசிறி மட்டும் சுற்றியது.

நான் மெல்லத் திரும்பினேன். றோஸ்மேரி துவாயை மடித்து முடித்திருந்தாள்.

"உமக்கு முன்னமே தெரியுமோ?" என்றேன்.

"கறுப்பு வைன் எண்டீங்கள். மணந்து பாத்தன், தேங்காய்ப்பூ மணம்தான் வந்தது. லினக்ஸ், வைன் எண்டு போனில தேடினன். உங்கட வாயாலயே வரட்டும் எண்டு விட்டன்."

"அண்ணை!" என்று மகேசன் அண்ணையின் கையை நானே பிடித்துக்கொண்டேன். "நீங்களாவது சொல்லுங்கோ. குடியை விட்ட ஆளுக்கு இந்த வேதனை விளங்கும்."

மகேசன் அண்ணை குனிந்து கம்பியூட்டரின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"நான் ஒருநாளும் குடிச்சதில்லைத் தம்பி, குடிபெயர்க்கிற வான்தான் ஓடுறனான், அந்தப் பக்கம் ஒருக்கால் பிடியும், மோட்டர்வேயில வாகனம் இறுக முதல் புக்கெகோஹி போயிடலாம்."