பன்னிரண்டு ஸ்பீக்கரும் ஓர் இடது காதும்

புதுக் காரில் ஒரே ஒரு விஷயத்தையாவது நானே முடிவு செய்வது என்று அந்தத் திங்கட்கிழமை முடிவு செய்தேன். காரின் நிறம் என் மனைவியின் முடிவு. சீட் துணி அவள் முடிவு. கார் வாங்குவது என்பதே அவள் முடிவு. பாக்கி இருந்தது பாட்டுப் பெட்டி ஒன்றுதான்.

பாட்டுப் பெட்டி என்று சொன்னால் ஷோரூம்காரர் முகம் சுருங்கிவிடும். அவருக்கு அது 'பிரீமியம் ஆடியோ'. சாதா காருக்கு நாலு ஸ்பீக்கர், பிரீமியத்துக்குப் பன்னிரண்டு. என்னை டெமோ காரில் உட்காரவைத்து, கதவைப் பூப்போலச் சாத்தி, ஒரு பாட்டைப் போட்டார். யாரோ ஒரு பெண் பாடினாள். இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில் அவள் மூச்சை இழுத்தது கேட்டது. சத்தியமாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிரிக்காதீர்கள். நான் வேலை பார்ப்பது குடிநீர் அலுவலகத்தில், அதிலும் புகார் பிரிவில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஊரே ஃபோன் போட்டு என்னைத் திட்டும். தண்ணீர் வராவிட்டாலும் திட்டு, வந்தால் கலங்கலாக வருகிறது என்று திட்டு. வீட்டு நிலவரம் உங்கள் வீட்டைப் போலத்தான். ஆபீஸ் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். இந்த நூறு நிமிடம்தான் என்னை யாரும் ஒன்றும் கேட்காத நேரம். அந்த நேரத்தில் ஒருத்தி மூச்சு விட்டு எனக்காகப் பாடினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

மூன்று மாதச் சம்பளம் குறைந்துவிடும்.

"சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள்ள சொல்லிடுங்க சார்," என்றார் ஷோரூம்காரர். "அதுக்கப்புறம் ஆர்டர் ஃபேக்டரிக்குப் போயிடும். பின்னாடி மாட்டணும்னா நாலு கதவையும் பிரிக்கணும்."

அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தேன்.

"நாலு ஸ்பீக்கர்ல பாட்டு வராதா?" என்று கேட்டாள் மனைவி.

"வரும். மூச்சு வராது."

"யார் மூச்சு?"

"பாடறவங்க மூச்சு."

"கார் ஓடும்போது டயர் சத்தமே எவ்வளவு இருக்கும் தெரியுமா? அதுல மூச்சு எப்படிங்க கேக்கும்?"

"சிக்னல்ல நிக்கும்போது கேக்கும்."

"சிக்னல்ல நிக்கும்போது கேக்கற மூச்சுக்கு மூணு மாசச் சம்பளம்."

அதை அவள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை, காது பரிசோதிக்கும் வேலை. எந்தச் சத்தம் எவ்வளவு, எந்தக் காதுக்கு எது எட்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சத்தத்தைப் பற்றி அவளிடம் வாதாடுவது மீனுக்கு நீச்சல் சொல்லித்தருகிற கதைதான். ஆனாலும் விடாமல் நின்றேன்.

"சரி, அது போகட்டும்," என்றாள். "பன்னிரண்டுல இடது பக்கம் எத்தனை?"

"ஆறு."

"உங்களுக்குத்தான் இடது காது கேக்காதே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்த இடத்தில் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உங்களோடு இருக்கட்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் நீச்சல் குளத்தில் தண்ணீர் புகுந்து என் இடது காதில் சீழ் பிடித்தது. மூன்று வாரம் அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. நாலாவது வாரம் சரியாகிவிட்டது. சரியானதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் நான் அனுபவித்த நிம்மதி இருக்கிறதே, ருசி கண்ட பூனை உறியை விடுமா? அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் என் இடது காது சமையலறையைப் பார்த்தே இருக்கும். சோபாவில் எனக்கு இடது பக்கம் அவள். நடந்து போனாலும் இடது பக்கம் அவள். "மாடியில துணி காயுது, எடுத்துட்டு வாங்க" என்பது காற்றோடு போகும். "எங்க அக்கா வர்றா, பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க" என்பதும் போகும். அதில் நஷ்டமும் உண்டு. "சாப்பிட வாங்க" என்றாலும் எழுந்திருக்க முடியாது. தோளைத் தொட்டுக் கூப்பிடும்வரை பசியோடு பேப்பர் படிப்பேன்.

ஊருக்கெல்லாம் காது பார்க்கிறவள் என் காதைப் பார்க்கக் கூப்பிடாமல் இருந்தாளா? கூப்பிட்டாள். ஜலதோஷம், ஆபீஸில் தணிக்கை, வண்டி பஞ்சர் என்று ஒவ்வொன்றாகச் சாக்குச் சொல்லி நாளை ஓட்டினேன். பிறகு அவளே விட்டுவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ ஆறு ஸ்பீக்கர் தண்டம்," என்றாள் அவள். "வலது பக்கம் மட்டும் ஆறு போட்டுத் தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க. பாதி விலையில முடிஞ்சிடும்."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்கும் என்று சொன்னால் ஆறு வருடச் சுதந்திரம் போச்சு. கேட்காது என்று சொன்னால் பாட்டுக்காரியின் மூச்சு போச்சு. இரண்டையும் எப்படியாவது காப்பாற்ற வேண்டும். செவ்வாய் முழுதும் ஆபீஸில் திட்டு வாங்கிக்கொண்டே யோசித்தேன். ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலம் எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் போனேன்.

பல் டாக்டருக்குப் பல்லைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளைப் பற்றியும் பேசப் பிடிக்கும். கிளினிக்கில் ஆள் இல்லை. நோயாளி நாற்காலியில் அவரே சாய்ந்திருந்தார்.

"சார், ஒரு காது பாதி கேக்கும், பாதி கேக்காதுன்னு உண்டா?"

"உண்டே. கனமான சத்தம் கேக்கும், கீச்சுச் சத்தம் கேக்காது. நிறைய பேருக்கு அப்படித்தான்."

"மிருதங்கம்?"

"நல்லா கேக்கும்."

"என் வீட்டுக்காரி குரல்?"

அவர் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அது கீச்சுப் பக்கம்தான் சார், சந்தேகமே வேண்டாம்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"ஆனா நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விட்டுடாதீங்க," என்றார். "உங்க வீட்டம்மா அனுப்பித்தான் மாசம் ரெண்டு பேராவது என்கிட்ட பல் பிடுங்க வர்றாங்க."

புதன்கிழமை காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"கொஞ்ச நாளா இடது காதுல ஒரு மாற்றம் தெரியுது. கனமான சத்தமெல்லாம் விழுது. இந்த மெல்லிசா, கீச்சுன்னு வர்றதுதான் விழ மாட்டேங்குது."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.

"அப்படியா? நல்ல விஷயமாச்சே," என்றாள். "சனிக்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. டெஸ்ட் பண்ணிடலாம். இடது காதுல பாட்டு கேக்கும்னு ரிப்போர்ட் வரட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"நிஜமா?"

"நான் என்னைக்குங்க பேச்சு மாறியிருக்கேன்?"

மாறியதில்லைதான். அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். ஆபத்தும் அறியாது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டிலேயே கடும் பயிற்சி. குக்கர் விசில் கீச்சு, திரும்பக் கூடாது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் கனம், திரும்பலாம். காலிங் பெல் கீச்சு. லாரி கனம். ஒருமுறை கவனம் தப்பி குக்கர் பக்கம் வெடுக்கென்று திரும்பிவிட்டு, கழுத்துச் சுளுக்கு என்று அரைமணி நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படிச் சுளுக்கியது என்று விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் அறை வாசலில் ஒரே கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டேகாலுக்கு ஷோரூம்காரர் ஃபோன் பண்ணினார்.

"சார், இன்னும் முக்கால் மணி நேரம்தான்."

"சொல்லிடறேன், சொல்லிடறேன்."

"போட்டுடலாமா, வேண்டாமா?"

"டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்."

"காருக்கா சார்?"

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஃபோனை அணைத்துவிட்டு உள்ளே போனேன்.

சத்தம் புகாத சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி ஜன்னல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும் மெஷினும். காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தவள், முன்பின் தெரியாதவரிடம் பேசுவது போலப் பேசினாள்.

"சாதாரணமா பட்டனை அழுத்தச் சொல்லுவோம். பட்டன் இன்னைக்கு வேலை செய்யல. வாயாலயே சொல்லுங்க. சத்தம் கேட்டா 'ஆமா', கேக்கலைன்னா 'இல்லை'. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

கதவைச் சாத்தினாள். என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. அது கனமான சத்தம், கேட்கலாம்.

முதலில் வலது காது. அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. பிறகு இடது. ம்ம்ம் என்று வண்டு போல ஒன்று வந்தது. "ஆமா," என்றேன். இன்னொன்று. "ஆமா." கனமானதெல்லாம் முடிந்தது. இனி கீச்சு.

கீ.

துல்லியமாகக் கேட்டது. "இல்லை," என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தேன். மறுபடி கீ. "இல்லை." மறுபடி நிசப்தம். இன்னும் சன்னமாக ஒரு கீ, எறும்பு விசிலடித்தால் அப்படித்தான் இருக்கும். "இல்லை." கண்ணாடிக்கு அப்பால் அவள் தலை குனிந்தபடியே எழுதிக்கொண்டிருந்தாள். என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு கவனமாக உட்காரவில்லை. மொத்தம் பதினொரு கீ. ஒன்றைக்கூட விடவில்லை.

கதவைத் திறந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பது.

"கனமான சத்தமெல்லாம் நல்லா கேக்குது," என்றாள்.

"நான்தான் சொன்னேனே."

"கீச்சுச் சத்தமும் நல்லாத்தான் கேக்குது."

"அதுக்கு நான் இல்லைன்னுதானே சொன்னேன்?"

"ஆமா. பதினொரு தடவை சத்தம் விட்டேன். பதினொரு தடவையும் 'இல்லை'ன்னு சொன்னீங்க. சத்தம் விடாதப்போ பேசாம இருந்தீங்க. கேக்காத மனுஷனுக்கு எப்போ 'இல்லை' சொல்லணும்னு எப்படிங்க தெரியும்?"

என் கை தானாகவே இடது காதைப் பொத்தியது.

"நஷ்ட ஈட்டுக்காகச் செவிடுன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்களுக்காக வெச்சிருக்கற டெஸ்ட் இது," என்றாள். "அவங்ககூட ஏழெட்டுக்கு மேல முழிச்சுக்குவாங்க. முழுசா பதினொண்ணையும் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

ஃபோனை மறுபடி உயிர்ப்பித்தேன். அடுத்த நொடியே ஷோரூம் கூப்பிட்டது. எடுக்கவில்லை. மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். காது எப்படியும் போய்விட்டது. ஸ்பீக்கரையாவது காப்பாற்றிக்கொள்வோம். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு?

"சரி, கேக்குது," என்றேன். "ரெண்டு காதும் கேக்குது. ஆறு வருஷமாவே கேக்குது."

சொல்லும்போது உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"தெரியும்," என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"நாலாவது வாரத்துலேர்ந்து."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லல?"

ரிப்போர்ட்டை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தினாள். மணி பன்னிரண்டு ஐம்பது.

"நீ சொன்ன வாக்கு இருக்கு," என்றேன். "இடது காதுல பாட்டு கேக்கும்னு வந்தா குறுக்க நிக்க மாட்டேன்னு சொன்னே."

"நிக்கலையே. ஃபோன் பண்ணிச் சொல்லுங்க."

இவ்வளவு பெரிய மனசுக்காரியை ஆறு வருடம் ஏமாற்றினேனே என்று நொந்துகொண்டேன். எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது.

"பணத்துக்கு மட்டும் என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"பேங்க்ல இருக்கே. காருக்குப் போக மிச்சம்."

"இருந்துச்சு. படுக்கையறை ஜன்னலுக்கெல்லாம் சத்தம் புகாத ரெண்டடுக்குக் கண்ணாடி போடக் கொடுத்தாச்சு. நாள் பூரா இங்க சத்தத்தோட மல்லுக்கட்டிட்டு வர்றேன். வீட்டுலயாவது நிம்மதியா தூங்க வேண்டாமா?"

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டேனே. செவ்வாய்க்கிழமை காலைல பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. இடது பக்கம் வந்து நின்னு, பணத்தை எடுத்துக்கட்டுமா, வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கன்னு கேட்டேன். நீங்க பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்பினீங்க." முத்திரையை எடுத்து மேஜைக்குள் வைத்தாள். "ஆறு வருஷமா எல்லாத்தையும் அந்தப் பக்கம் நின்னுதான் கேக்கறேன். ஒரு தடவைகூட நீங்க மாட்டேன்னு சொன்னதில்லை."

ஃபோனில் ஷோரூம்காரர், "ஹலோ, ஹலோ," என்றார். அணைத்தேன்.

செவ்வாய்க்கிழமைக் காலையை எவ்வளவோ நினைத்துப் பார்த்தேன். பேப்பர் ஞாபகம் இருந்தது. வானிலைச் செய்திகூட ஞாபகம் இருந்தது. அவள் வந்து நின்றது மட்டும் ஞாபகமே இல்லை. கேட்காத மாதிரி இருந்து இருந்து, அந்தப் பக்கம் வருவது எதுவும் இப்போதெல்லாம் நிஜமாகவே மண்டைக்குள் ஏறுவதில்லையோ? அல்லது அவள் கேட்கவே இல்லையோ?

"நிஜமாவே எனக்குக் கேக்கலைம்மா," என்றேன்.

இரண்டு காதிலும் எந்தக் குறையும் இல்லை என்று முத்திரை குத்திய ரிப்போர்ட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அடுத்தவங்களை வரச் சொல்லுங்க," என்றாள்.