ரசமட்டமும் பத்தொன்பது படிகளும்

விமானத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் இந்த உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். அந்த விமானம் வரை நம்மைக் கொண்டுபோய் விடுகிறதே ஒரு பஸ், அதை ஜென்ம விரோதியாகப் பாவித்த ஒரே மனிதர், எங்கள் சனத்நகர் வால்வு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த ரசமட்டம்தான்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. விரல் நீளத்தில் ஒரு ரசமட்டம் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். கேன்டீன் மேஜை, சர்ச் பெஞ்சு, கல்யாண வீட்டுப் பந்தி மேஜை, எதையும் விடமாட்டார். சட்டென்று அதை எடுத்து வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். பெரும்பாலும் நிற்காது. உடனே முகத்தில் ஒரு திருப்தி வரும். உலகமே கோணல் என்பதற்கு அவருக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது.

தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயில்வே பணிமனை வேலைக்கு செகந்திராபாத் வந்த குடும்பம். மூன்று தலைமுறை ஆகியும் நெல்லைத் தமிழ் அப்படியே இருந்தது. நடுநடுவே ஊர் உருது வழக்கப்படி, வேண்டாம் என்பதற்கு ஒரு "நக்கோ", எதற்கு என்பதற்கு ஒரு "கைக்கு" வந்து விழும்.

வால்வு மாட்டுகிற இடத்துக்கெல்லாம் ஆள் அனுப்புவது எங்கள் கம்பெனி வழக்கம். அவர் மாட்டுவார், நான் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவேன். அதனால் நாட்டில் உள்ள பெரிய விமான நிலையங்கள் அத்தனையிலும் அவர் பக்கத்தில் நின்று அவர் திட்டுவதைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. எந்த ஊரில் எது நடந்தது என்று சொல்லப்போவதில்லை. எல்லா ஊரிலும் ஒரே கூத்துதான்.

முதலில் மைக்கில் ஒரு குரல் வரும். ஒன்றாம் பிரிவு வாருங்கள், இரண்டாம் பிரிவு பொறுங்கள், மூன்றாம் பிரிவு தயவுசெய்து உட்காருங்கள். நாமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடங்கி ஒடுங்கி வரிசையில் போவோம். கீழே இறங்கினால் ஒரு பஸ். அத்தனை பிரிவும் அதற்குள்தான்.

"பாத்தியா தம்பி! அரிசி வேற, பருப்பு வேறன்னு அரை மணி நேரம் பிரிச்சான். இப்ப எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டுக் குலுக்குதான். கைக்கு? கிறுக்குப் பய!"

இது பஸ் கிளம்பும் முன். கிளம்பிய பிறகு ரசமட்டத்தைக் கம்பியில் வைத்துப் பார்ப்பார். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொள்ளும். ஒருமுறை அந்த பஸ், விமான நிலையத்துக்கே பிரதட்சிணம் வருவது போலச் சுற்றியது. சரக்குக் கிடங்கு, தீயணைப்பு வண்டி, எண்ணெய் லாரி எல்லாவற்றையும் தரிசனம் செய்துவைத்து, கடைசியில் நாங்கள் புறப்பட்ட வாசலுக்கு நேர் எதிரே நின்ற விமானத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ரசமட்டம் விமானத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். டிரைவரிடம் போனார்.

"கைக்கு பாயி? நடந்தா நாப்பது எட்டு வச்சாப் போதுமே!"

டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. "ரூல் ஹை சாப்" என்றார்.

நிறுத்திய பஸ் கதவைத் திறந்துவிடுமா? அது எப்படி திறக்கும்? விமானத்துக்குள் இன்னும் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். அறுபது பேர், அறுபது பை, ஒருத்தர் முழங்கை இன்னொருத்தர் விலாவில். இலை போடாமலே பந்தியில் உட்காரவைத்த கதை. இதில் அவசரக்காரர்கள் சிலர், கதவு திறந்ததும் பாய்வதற்குத் தயாராக, செருப்பை இறுக்கிக்கொண்டு நிற்பார்கள். விமானம் தங்களை விட்டுவிட்டுப் பறந்துவிடும் என்று பயமோ என்னவோ. அந்த அறிவாளிகளைத்தான் ரசமட்டத்துக்குக் கண்டாலே ஆகாது.

அவர்களை முறியடிக்க அவர் ஒரு தத்துவம் வைத்திருந்தார். கடைசி ஆளாக ஏற வேண்டும், கதவை ஒட்டி நிற்க வேண்டும், முதல் ஆளாக இறங்க வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஒருமுறை என்னையும் இழுத்துப் பிடித்து, எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக ஏற்றினார். கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு, உள்ளே நசுங்கிய கூட்டத்தைக் கருணையோடு பார்த்தார். பஸ் நின்றது. கதவு திறந்தது, எதிர்ப் பக்கத்தில். விமானத்துக்குள் கடைசியாக நுழைந்த இரண்டு பேர் நாங்கள்தான். பை வைக்க இடமில்லாமல் கோவை வரையில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். இறங்கும் வரை என்னோடு பேசவில்லை, கதவை நான்தான் மாற்றித் திறந்தது போல.

புகார்க் கடிதங்களும் எழுதினார். சாதாரணக் கடிதமா அது? எங்கள் வரைபடத் தாளில் பஸ், படிக்கட்டு, விமானம் எல்லாம் அளவோடு வரைந்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் விளக்கம். விமானத்துக்கு வைக்கும் படிக்கட்டில் பத்தொன்பது படி என்பதை எண்ணி எழுதி, முழங்கால் தேய்ந்தவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தார். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வந்தது. அதைக் கடைசல் இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்தார்.

"கருத்து முக்கியமாம்லா. ஆளு முக்கியமில்ல போல" என்றார்.

நாங்கள் யாரும் அவர் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. நான் உட்பட. அவர் "சவம் இந்த பஸ்ஸு இருக்கே" என்று ஆரம்பித்ததும் கேன்டீனில் ஆளுக்கொரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவோம். அல்வாலில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் அதே புராணம்தான். அவர் மனைவி எஸ்தர் அக்கா மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே போவார், ஊம் கொட்டக்கூட மாட்டார். அந்த அம்மாளும் நம்மைப் போலத்தான் காதை மூடிவைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எஸ்தர் அக்காவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. சில மாதங்களில் கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு ஆண் குழந்தை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். இரவு முழுக்க ரயிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் விமானம்தான். அக்கா அதுவரை விமானம் ஏறியதே இல்லை. வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படிக்கே அவர் ரசமட்டத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். அக்கா பெரிதாகப் பயந்தது ஒன்றுக்குத்தான். படி.

"ஒரு படி, ஒத்தப் படி ஏறாம உன்னை ப்ளேன்ல உக்கார வைக்கேன். இது சத்தியம்" என்று ரசமட்டம் என் முன்னாலேயே சொன்னார்.

சக்கர நாற்காலி கேட்டால் தூக்கி வைத்துவிடுவார்களே என்றேன். அக்கா முகம் மாறிவிட்டது. "பேரனைப் பாக்கப் போறவ தள்ளுவண்டியிலயா போயி எறங்கணும்? சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் வாசல்ல நிப்பாங்க தம்பி. அது மட்டும் வேண்டாம்."

ஆகவே ஏரோபிரிட்ஜ் ஒன்றே கதி. கட்டிடத்திலிருந்து விமானத்தின் வாசலுக்கே நீளுமே, அந்தக் கூண்டுப் பாலம். இரண்டு மாதம் ரசமட்டம் வேறு வேலை பார்க்கவில்லை. கோயம்புத்தூர் போய்வந்த ஒவ்வொருவரையும் பிடித்து, "பாலமா, பஸ்ஸா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். காலை விமானம் ஒன்று பெரும்பாலும் பாலத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து அதில் டிக்கெட் போட்டார். எனக்கும் அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் வேலை இருந்ததால் அதே விமானத்தில் போனேன்.

அக்கா வெள்ளைப் புடவை, கையில் பேரனுக்கான சட்டை இருந்த பை. விமான நிலையத்தில் ரசமட்டம் மாப்பிள்ளை மிடுக்கோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பாலம் தெரிந்தது. "அந்தா பாரு, அதுலதான் நடந்து போகப் போறோம்" என்று காட்டினார்.

திரையில் எழுத்து மாறியது. எங்கள் விமானத்துக்கு வேறு வாசல். கீழ்த்தளம். கீழ்த்தளம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ரசமட்டம் எழுந்து கவுண்ட்டருக்குப் போனார். இன்றைக்கு ஒரு கலகம் நிச்சயம் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவர் கத்தவில்லை. "மேடம், என் வைஃப்க்கு ரெண்டு முழங்காலும் ஆபரேஷன். ஸ்டெப்ஸ் நக்கோ மேடம். ப்ளீஸ்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் ப்ளீஸ் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் நல்ல பெண்தான். சக்கர நாற்காலி வரவழைக்கட்டுமா என்றாள். அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

பஸ்ஸில் ஏறினோம். இருந்த சில இருக்கைகளில் ஒன்று அக்காவுக்குக் கிடைத்தது. ரசமட்டம் அவர் முன்னால் இரண்டு கையையும் கம்பியில் விரித்து, யாரும் மோதாமல் அரண் போல நின்றார். பஸ் சுற்றியது, நின்றது, கதவைத் திறக்காமல் அடம் பிடித்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டாத ரசமட்டத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

கதவு திறந்தது. எதிரே படிக்கட்டு.

"தம்பி, நீ பின்னால வா. சாய்ஞ்சா பிடிச்சுக்க" என்றார்.

அக்கா பையை அவர் கையில் கொடுத்தார். கைப்பிடியைப் பற்றினார். முதல் படியில் காலை வைத்து, "ஒகட்டி" என்றார்.

இரண்டாவது படி. "ரெண்டு." அடுத்தது. "மூடு."

"ஏட்டி, என்ன தெலுங்குல எண்ணுத?" என்றார் ரசமட்டம்.

"நாலுகு. பேசாம வாங்க, எண்ணிக்கை தப்பிரும்."

பின்னால் அவசரக்காரர் ஒருவர் உச்சுக்கொட்டினார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். ரசமட்டத்திடம் கற்ற பார்வை அது. மனிதர் ஃபோனை எடுத்துக்கொண்டார்.

ஒன்பதாவது படியில், "தொம்மிதி"யில், அக்கா நின்றார். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. "போதும்ட்டி, நாற்காலியையே கொண்டாரச் சொல்லுதேன். சம்பந்தி வீட்டு ஆளுக பாத்தாப் பாக்கட்டும்" என்றார் ரசமட்டம். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. "பதி" என்று அடுத்த காலை வைத்தார்.

கடைசிப் படியில் ஏறி, "பந்தொம்மிதி" என்று முடித்து, விமானத்துக்குள் கால் வைத்தார். திரும்பி அவரைப் பார்த்தார். "நீங்க சொன்ன மாதிரியே பத்தொம்பது. ஒண்ணு கூடல, கொறையல."

இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதமாக, இவர் வேலைக்குக் கிளம்பியதும், பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொள்வாராம். அவர்கள் வீட்டு மொட்டை மாடிப் படியில் பயிற்சி. அந்த அம்மாள் எண்ண, அக்கா ஏற. அங்கே பதினாறு படிதான். அதனால் மேலே போய்ச் சேர்ந்ததும் மூன்று படி இறங்கி மறுபடி ஏறுவார்களாம்.

"நான்தான் பாலம்னு சத்தியம் பண்ணினேன்லாட்டி? பொறவு கைக்கு?" என்றார் ரசமட்டம்.

"இருவது வருசமா நீங்க சொல்லுததைக் கேட்டவ நான். எப்படியும் பஸ்ஸுலதான் ஏத்துவான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப நான் பேசுனதெல்லாம் நீ கேட்டியா?"

"கேக்காம? வேற என்ன பேசினீங்க வீட்ல?"

ரசமட்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே, "இன்னும் ரெண்டாவது பஸ்ஸு வரல பாத்தியா? நம்மள அடைச்சு வச்சுட்டு அவனுக்குக் காத்துக் கெடக்கான். சவம்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ரசமட்டம் ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் மகளோடு கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்டார்கள். நான் இப்போது தனியாகத்தான் அலைகிறேன். போன வாரம் அதே பஸ், அதே நெரிசல், மூடிய கதவு. அறுபது பேரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு பரம சாதுக்களாக நின்றார்கள். ஒருத்தராவது வாயைத் திறந்து திட்டுவார் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, "சவம் இந்த பஸ்ஸு" என்று நானே சத்தமாகச் சொன்னேன். யாரும் திரும்பவில்லை. பத்தொன்பது படியையும் எண்ணிக்கொண்டே ஏறி, உட்கார்ந்ததும் ரசமட்டத்துக்கு ஃபோன் போட்டேன், இந்தத் தடவை அவர் திட்டுவதை முழுசாகக் கேட்பதற்காக.