மாமனாருக்கு ஐஸ் வைத்த கதை

‘தெரியாது’ என்ற சொல்லை இருபத்தெட்டு வயதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரோட்டில் யாராவது வழி கேட்டால்கூட, கேள்விப்பட்டே இராத தெருவுக்குக் கையை நீட்டி, “நேரா போயி லெஃப்ட்டு” என்று அனுப்பிவைத்துவிடுவேன். (அவர்களில் சிலர் இன்னும் முதலியார்பேட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். மன்னிக்கவும்.)

எனக்குக் கல்யாணம் ஆனதே இந்தக் குணத்தால்தான். ரோசலினைக் காதலித்தேன். அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குத் திரும்பியவர். எங்கள் காதலைக் கேள்விப்பட்டு இரண்டு வருஷம் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒருநாள் என்னை வரச் சொன்னார். முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். ஒரே கேள்விதான் கேட்டார்.

“என்னா வேலை?”

“கம்ப்யூட்டர்ல இருக்கேன் சார்.”

பொய்யில்லை. ஒரு மருந்து கம்பெனியின் ஸ்டோர்ஸில், எத்தனை அட்டைப்பெட்டி வந்தது, எத்தனை போனது என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கம்ப்யூட்டரில்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதை இன்ஜினியர் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை. ஆறே மாதத்தில் கல்யாணம். ‘சார்’ என்று கூப்பிட்டவரை ‘மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னைக் ‘கம்ப்யூட்டர் மாப்ள’ என்று சொந்தக்காரர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். ஒவ்வொரு முறையும் நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன்.

மாமாவுக்கு ஒரு மகனும் உண்டு. மிஷேல். பிரான்சில், லியோன் நகரத்தில் ரொட்டி சுடும் கடையில் வேலை. தன்னைப்போல அவனும் ராணுவத்தில் சேர வேண்டும் என்று மாமா எதிர்பார்த்திருக்கிறார். அவன் மாவு பிசையப் போனான். அந்தச் சண்டையில் ஆறு வருஷமாக அவன் ஊருக்கே வரவில்லை. எங்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை. பரிசு மட்டும் வந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாவும் மகனும் சேர்ந்து விமானம் ஓட்டுவார்கள். கம்ப்யூட்டரில்தான். ரோசலின் செய்துவைத்த ஏற்பாடு அது. மாமா இங்கே ஒரு சின்ன விமானம், மிஷேல் அங்கே ஒரு சின்ன விமானம், இரண்டும் ஒரே வானத்தில் பக்கத்தில் பக்கத்தில் பறக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாமா பேசுவது இவ்வளவுதான்:

“ஹைட்டு?”

கொஞ்சம் இடைவெளி.

“தக்கோர்.” (சரி என்று அர்த்தம்.)

சாப்பிட்டாயா, குளிருகிறதா, எப்போது வருகிறாய், எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரம் உயரமும் வேகமும் திசையும்தான். அத்தை மட்டும் கதவோரம் நின்று அந்த ‘தக்கோரை’க் கேட்டுவிட்டுப் போவார்.

கல்யாணமான ஐந்தாவது மாதம் மாமாவின் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. கடல் காற்றில் உள்ளே இருந்த போர்டெல்லாம் உப்புப் பூத்திருந்தது. மாமா என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ள, புதுசு ஒண்ணு வாங்கணும். நீங்களே பாத்து வாங்கிடுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மாமா.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விசேஷம் இருந்தது. மிஷேல் முதல்முறையாகச் சென்னையிலிருந்து புறப்பட்டுப் புதுச்சேரியில் இறங்கலாம் என்று சொல்லியிருந்தான். கடற்கரையோரமாகவே பறந்து வந்து, ஊரைச் சுற்றி, லாஸ்பேட்டை ஓடுபாதையில் இறங்க வேண்டும். ஆறு வருஷத்தில் அவன் ஊருக்கு வருவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை, பொம்மை விமானத்தில் என்றாலும்.

என்ன வாங்க வேண்டும் என்று ரோசலினுக்கு மெசேஜும் அனுப்பியிருந்தான். பிராசஸரின் பெயர், அதன் நம்பர். கீழே, ‘பெரிய பெட்டிதான் வேணும். லேப்டாப் வேணாம்னு மச்சான்கிட்ட சொல்லு.’

ரொட்டி சுடுகிறவன் எனக்குச் சொல்லித் தருவதா?

சாரம் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். போனதுமே கண்ணில் பட்டது அந்த லேப்டாப். வெள்ளி நிறம். ஒரு நோட்டுப்புத்தகத்தின் கனம்தான் இருக்கும். பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். மிஷேல் அனுப்பிய அதே பெயர்! அதே நம்பர்! கடைசியில் மட்டும் ‘யு’ என்று ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. இனிஷியல் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் கே. சேகர், எஸ். சேகர் என்று இல்லையா? இனிஷியல் எதுவானால் என்ன, சேகர் சேகர்தானே?

கடையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். “என்னா யூஸுக்கு சார்?”

“ஃப்ளைட் ஓட்ற கேம்.”

“அப்ப இது வேணாம் சார். டெஸ்க்டாப்பு பாருங்க.”

“ரெண்டுலயும் ஒரே பிராசஸர்தானம்மா?”

“பேருதான் சார் ஒண்ணு. ஆளு வேற. பெட்டியில இருக்கறது நூறு வாட்டு குடுத்தாலும் தின்னும், மேல பெருசா ஃபேன் சுத்தும். இந்த ‘யு’ பதினஞ்சு வாட்லயே குடும்பம் நடத்துற மாதிரி செஞ்சது. டைப்பிங், எக்ஸெல், வீடியோ கால், இதுக்கெல்லாம் தங்கம். சத்தமே வராது, நாள் பூரா சார்ஜ் நிக்கும். கேம் போட்டா கொஞ்ச நேரத்துல சூடாயிடும். சூடானா அதுவே வேகத்தக் கொறச்சிக்கும். லேப்டாப்புதான் வேணும்னா ‘எச்’சுனு முடியறது ஒண்ணு இருக்கு, தடியா இருக்கும், ஓரளவுக்குத் தாங்கும்.”

இவ்வளவு தெளிவாக அதற்குப் பிறகு எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“எனக்குத் தெரியும்மா. நான் இதுலதான் இருக்கேன்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பில் போடப் போனாள்.

வீட்டில் லேப்டாப்பைப் பிரித்ததும் அத்தை சந்தோஷப்பட்டார். “சாமி படம் கணக்கா இருக்கு.” மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மிஷேலு பெட்டின்னு சொன்னானே?”

“இது அதவிட லேட்டஸ்ட்டு மாமா. முட்டி வலிச்சா படுத்துகிட்டேகூட ஃப்ளைட் ஓட்டலாம்.”

“தக்கோர்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையை மாற்றாமலே மாமா மேஜை முன்னால் உட்கார்ந்தார். வழக்கத்துக்கு மாறாக ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மிஷேலின் குரலை எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அத்தை கதவோரம் நிற்காமல் உள்ளே வந்து நாற்காலி போட்டுக்கொண்டார். நான் மாமாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ராக்கெட் விடுகிற விஞ்ஞானிபோல நின்றேன்.

சென்னையில் இரண்டு விமானமும் கிளம்பின. முதல் பத்து நிமிஷம் ஒரு குறையும் இல்லை. கீழே கடல், பக்கத்தில் மிஷேலின் விமானம். ரோசலினைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினேன். (அந்தப் புருவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.)

மாமல்லபுரம் தாண்டியதும் படம் லேசாக விக்கியது. லேப்டாப்பின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்.

“காத்தோட்டம் வேணும்,” என்று முணுமுணுத்துவிட்டு, அலமாரியிலிருந்து மாமாவின் தடி பிரெஞ்சு அகராதியை எடுத்து லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தேன். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். மரக்காணம் வரும்போது விமானம் பறக்கவில்லை. ஒரு படம், நிறுத்தம், இன்னொரு படம் என்று கல்யாண ஆல்பம் புரட்டுவதுபோல் வந்துகொண்டிருந்தது.

“பப்பா, ஹைட்டு கொறயுது,” என்றது மிஷேலின் குரல்.

“தெரியுது. ஃப்ளைட்டு சொன்னபடி கேக்கல,” என்றார் மாமா, இரண்டு கையாலும் ஜாய்ஸ்டிக்கை இழுத்துப் பிடித்தபடி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

சமையலறைக்கு ஓடினேன். ஃப்ரீசரைத் திறந்தேன். முதலில் கையில் கிடைத்தது அத்தை வாங்கி வைத்திருந்த வஞ்சிரம் மீன் பொட்டலம். கல்போல இருந்தது. அடுத்தது ஐஸ் கட்டி. ஒரு துண்டில் அள்ளி முடிந்துகொண்டு திரும்பி ஓடினேன்.

“என்னாங்க அது?” என்றாள் ரோசலின்.

“கூலிங்.”

மீன் லேப்டாப்பின் அடியில் போனது. ஐஸ் முடிச்சு மேலே, கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவில், எங்கே ரொம்பச் சூடோ அங்கே உட்கார்ந்தது.

திரையில் படம் திடீரென்று நன்றாக ஓட ஆரம்பித்தது! தூரத்தில் புதுச்சேரி. கடலுக்குள் நீளும் பழைய பாலம், கடற்கரை ரோடு, வெள்ளைக் கட்டடங்கள்.

“பப்பா, ஊரு தெரியுது,” என்றான் மிஷேல். அத்தை கையைக் குவித்துக்கொண்டார். “நம்ம வீடு எந்தப் பக்கம்? ரைட்லயா?” என்று கேட்டான் மிஷேல்.

மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் துண்டு சொட்ட ஆரம்பித்தது. பின்பக்கம் அகராதியால் உயர்ந்திருந்ததால், தண்ணீர் கீபோர்டு வழியாகச் சரிவில் அழகாக இறங்கி, கீழ் வரிசையில் போய்த் தேங்கியது. ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். திரை கறுப்பு.

டேபிள் ஃபேன் மட்டும் எல்லோர் மேலும் மீன் வாசனையை வீசிக்கொண்டிருந்தது. மாமா ஜாய்ஸ்டிக்கை விடவே இல்லை. கறுப்புத் திரையையே பார்த்தபடி இருந்தார்.

அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது நானே எதிர்பார்க்காத ஒன்று. “மாமா, நான் இன்ஜினியர் இல்ல. ஸ்டோர்ஸ்ல அட்டப்பெட்டி எண்ணுறேன். எனக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

மாமா மெதுவாகத் திரும்பினார். “தெரியும் மாப்ள.”

“எப்ப... எப்பலேர்ந்து?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே. விசாரிக்காம பொண்ணு குடுப்பாங்களா?”

“அப்ப எதுக்கு மாமா என்ன வாங்கச் சொன்னீங்க?”

“அன்னிக்கி சொன்னதும் உங்க மூஞ்சி எப்பிடி இருந்துது தெரியுமா? அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எனக்கு வேணாம்னு சொல்ல மனசு வரல.”

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மீனைப் பார்த்தேன். அந்த நேரத்தில் மாமாவின் போன் அடித்தது. மிஷேல். ஆறு வருஷத்தில் அவன் அந்த நம்பருக்குக் கூப்பிட்டதே இல்லை. மாமா கொஞ்ச நேரம் போனையே பார்த்துவிட்டு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“பப்பா, எங்க போயிட்டீங்க? ஃப்ளைட்டு கடல்ல விழுந்துடுச்சே! ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” பதறிப்போயிருந்தான்.

“எனக்கு ஒண்ணுமில்லடா. மாப்ள ஐஸ் வச்சாரு.”

“உங்களுக்கா?”

“மெஷினுக்கு. அடியில மீனு, மேல ஐஸு.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விசித்திரமான ஒலி வந்தது. அழுகிறானோ என்று பயந்தேன். சிரிக்கிறான். மாமாவின் தோளும் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “என்னா மீனு?” என்று மிஷேல் கேட்க, “வஞ்சிரம்டா, உங்கம்மா கொழம்புக்கு வச்சிருந்தா,” என்று இவர் சொல்ல, மறுபடியும் இருவரும் தொடங்கிவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மாமா கேட்டார், “சாப்ட்டியா?”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் ரோசலினும் அகராதியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம். மாமா ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். உள்ளேயிருந்து ஒரு தடவைகூட ‘ஹைட்டு’ என்ற சத்தம் கேட்கவில்லை.

அந்த டிசம்பரில் மிஷேல் நிஜமாகவே வந்தான். அதுவரை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் கிடையாது, போன்தான். வந்த மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு அதே சாரம் கடைக்குப் போய்ப் பெரிய பெட்டியாக ஒன்று வாங்கினான். எழுத்தே ஒட்டாத பிராசஸர். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவ்வளவு பெரிய கடையில் ஒளிய ஓர் இடம் இல்லை.

அந்தப் பெட்டியில் மாமா இப்போதும் பறக்கிறார். அதைத் தொட மட்டும் எனக்கு அனுமதி இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்தாலே, “மாப்ள, எதுக்கு?” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

வெள்ளி லேப்டாப்? அதை இரண்டு நாள் வெயிலில் காய வைத்தோம், பிழைத்துக்கொண்டது. ரோசலின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கிறவள். அவளுக்கு அது கச்சிதமாகப் பொருந்திப்போனது. சூடாவதில்லை, சத்தமில்லை, சாயங்காலம்வரை சார்ஜ் நிற்கிறது. ஒரே ஒரு குறை. தண்ணீர் தேங்கிய கீழ் வரிசையில் ஸ்பேஸ் பட்டன் செத்துவிட்டது. வேலைக்குத் தனியாக ஒரு கீபோர்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். அதை மாட்டாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் அவள் முதன்முதலாக அனுப்பிய மெசேஜ், ‘மிஷேல்எப்பகெளம்புறபப்பாகேக்குறார்’ என்று வந்தது. அவனும் அதேபோல, ‘இருபதாந்தேதிமச்சானுக்குஎன்னாவேணும்’ என்று பதில் போட்டான். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கென்று வருகிற எந்த மெசேஜிலும் இடைவெளி இருப்பதில்லை. அத்தைகூட, ‘சாப்பாடுரெடி’ என்றுதான் அனுப்புவார்.

மாமா மெசேஜெல்லாம் அனுப்புகிற ஆள் இல்லை. போன மாதம் என் பிறந்தநாளன்று ஸ்டோர்ஸில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒன்று வந்தது. ஒரு விரலால் தடவித் தடவி அடித்திருப்பார்.

‘மாப்ளநீங்கஎங்கவீட்டுக்குவந்ததுநல்லதுசாயந்திரம்வந்துடுங்க’

அதைப் பிரித்துப் படித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.