மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

அந்த நடிகரை நேரில் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் போட்டார். போட்டது சாப்பாட்டு மேசையில், மனைவிக்கும் மைத்துனனுக்கும் முன்னால்.

காரணம் மைத்துனன்தான். அவனுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் லிஃப்ட் இயக்கும் வேலை. போன மாதம் லிஃப்ட் வரக் கொஞ்சம் தாமதமானதற்கு அந்த நடிகர் எல்லார் முன்னாலும் அவனை அறைந்துவிட்டார். நடிப்பால் வாங்கிய பேரைவிட அறைந்து வாங்கிய பேர்தான் அவருக்கு அதிகம். கன்னத்து வீக்கம் மறுநாளே வடிந்துவிட்டது. பையன் மட்டும் அதன் பிறகு வேலைக்குப் போகவே இல்லை.

"நீங்களா கேப்பீங்க? பால்ல தண்ணின்னு பால்காரர்கிட்ட சொல்லவே என்னை அனுப்பின ஆளு!" என்றாள் மனைவி.

"என் கையில மாட்டட்டும், அப்புறம் பாரு!"

மாட்டியது இவர்தான். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் பழுது பார்த்துவிட்டு, சோதித்துப் பார்க்க லிஃப்டில் ஏறினார். கூடவே ஒருவர் கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நுழைந்தார். மூன்றாம் மாடி தாண்டியதும் கரண்ட் போனது. மங்கலான அவசர விளக்கு எரிந்தது. மெக்கானிக் அபாய பட்டனை அழுத்தினார். அதன் ஸ்பீக்கர் வழியே அவருடைய லிஃப்ட் கம்பெனி அலுவலகத்தோடு பேசலாம். அங்கே புகார் கேட்கும் நாற்காலியில் இருப்பது அவர் மனைவி.

"நான்தான். கரண்ட் போயிடுச்சு. வந்ததும் இறங்கிக்கறேன்."

"சரி, பதறாதீங்க."

பேச்சு அதோடு முடிந்தது என்று திரும்பினார். கைக்குட்டை இறங்கியிருந்தது. நடிகரேதான்.

முதல் கேள்வி தொண்டை வரை வந்தது. நடிகர் சும்மா ஒருமுறை கையை உதறினார். கேள்வி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"உங்க படம் ஒண்ணு விடமாட்டேன் சார்!"

"ஒரு லிஃப்ட் பையனைத் தட்டினேன்னு ஊரே என்னைத் திட்டுது. நீ அதே தொழில்ல இருக்கிறவன். நீயே சொல்லு."

"அவனுக்கெல்லாம் ஒரு அறை பத்தாது சார். இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்!"

சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. நடிகர் சிரித்துத் தோளில் தட்டிக்கொடுத்தார். கரண்ட் வந்ததும் மெக்கானிக் நான்காம் மாடியிலேயே இறங்கி, படிக்கட்டில் ஓடினார். நடிகர் மேலே போனார்.

வீட்டில் வாயே திறக்கக்கூடாது என்றுதான் வந்தார். மைத்துனன் விடவில்லை.

"மாமா, லிஃப்டுல மாட்டிக்கிட்டீங்களாமே? அக்கா சொன்னா. கூட யாரு?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சபதம் ஞாபகம் வந்தது. பொய் தானாக வந்தது.

"அந்த நடிகன்தான் மாப்ளே! விடுவேனா? உழைக்கிறவனை அடிக்கிற கையெல்லாம் ஒரு கையான்னு கேட்டேன். ஆளு வெலவெலத்துப் போயிட்டான்."

பையன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "எனக்காக ஒருத்தராவது கேட்டீங்களே மாமா. நாளைக்கு வேலைக்குப் போறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பதில் அவன் தன்னை ஓங்கி அறைந்திருக்கலாம் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

"கண்டிப்பா போ தம்பி" என்றாள் மனைவி. "அந்த ஆள் நாளைக்குக் காலையில ஹோட்டலுக்கே வந்து, எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறாராம்."

பையன் சீருடைக்கு இஸ்திரி போட உள்ளே ஓடினான். மெக்கானிக் வாயைப் பிளந்தார்.

"யாரு சொன்னா?"

"அவரேதான். நீங்க இறங்கி ஓடினதும் லிஃப்டுக்குள்ள நான் பேசினேன். பேசினது, அவர் சிரிச்சது எல்லாம் பதிவாகியிருக்கு, பத்திரிகைக்குக் குடுக்கவான்னு கேட்டேன். ஆபீஸ்ல நாங்க போனை வெச்சாத்தானே அந்த லைன் கட்டாகும்? நீங்க மாட்டின மெஷின்தானே அது?"

"அப்போ... நான் பேசினது?"

மனைவி கடைசிச் சட்டையை மடித்து வைத்தாள்.

"ஒரு அறைக்கு அவர் நாளைக்கு மன்னிப்புக் கேக்கறார். மிச்சம் ரெண்டு அறைக்கு நீங்க எப்ப கேக்கப்போறீங்க?"