ஆர் தொட்டது ஐயா

ஒரு சாமான் பழுதானால் அதற்கு என்ன நடந்தது என்று கேட்கிறவர்கள் ஓர் இனம். அவர்கள் தொகை குறைவு. அவர்களைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது? ஆர் தொட்டது என்று கேட்கிறவர்கள் மற்ற இனம். மணிக்கூடு நின்றாலும், விளக்குத் திரி புகைந்தாலும், அலுமாரித் திறப்பு காணாமற்போனாலும் இவர்கள் முதலில் பார்ப்பது மணிக்கூட்டையோ திரியையோ அல்ல. பக்கத்தில் நிற்கிற ஆளின் கையை.

ருவான்வெல்லைப் பக்கம், கித்துல்பிட்டிய ரப்பர்த் தோட்டத்து ஸ்டோருக்குப் பொறுப்பாயிருந்த உருத்திரமூர்த்தியை இந்த இனத்தின் கொடிமரம் என்று சொன்னால் அவர் கோபிக்கமாட்டார். கொடிமரத்தை ஆர் தொட்டது என்று மட்டும் கேட்பார். யாழ்ப்பாணத்து மனிதர், வேட்டியில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. ஸ்டோர் ஆட்கள் அவருக்கு முன்னால் 'பெரிய ஐயா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'ஆர் தொட்டது ஐயா' என்பார்கள்.

ஸ்டோரின் கோடியில் ஒரு சின்ன அறை இருந்தது. அதற்குப் பெயர் லபோரட்டரி. அங்கே கண்ணாடிக் குழாய்களும் ஒரு தராசும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, சீமையிலிருந்து கப்பலேறி வந்த மின்சாரச் சூட்டுப்பெட்டி இருந்தது. கொஞ்சம் ரப்பர்ப் பாலை உறையவைத்து இதற்குள் காயப்போட்டு எடுத்தால், அன்றைய பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பெட்டியின் தலையில் வட்டமாக நாலு துளைகள், நடுவில் ஒரு தெர்மாமீட்டர்.

பெட்டி வந்த நாள் முதல் உருத்திரமூர்த்திக்கு நித்திரை கெட்டது. பக்கத்துப் புகைக்கூட்டுக் கரி அந்த வெள்ளைப் பூச்சில் படிந்துவிடாதா? துளைக்குள் தூசி போய்விடாதா? முதல் பால் காய்வதற்கு முன்பே, மனைவி மகாதேவியைக் கொண்டு அதற்கு ஓர் உறை தைப்பித்துவிட்டார். கனத்த பிளனல் துணி, உள்ளே வெள்ளை மடிப்பு, நெற்றியில் செந்தாமரை. கதவுக்கு மட்டும் வழி விட்டுத் தலையையும் மூன்று பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கிற உறை. பிள்ளைக்குக்கூட யாரும் அவ்வளவு பொருத்தமாகச் சட்டை தைத்ததில்லை. பெட்டி சும்மா இருந்தாலும் உறை, சூடேறி வேலை செய்தாலும் உறை. அதைக் கழற்றும் அதிகாரம் அவர் ஒருவருக்கே.

ஒரு நாள் கருகல் நாற்றம் வந்தது. உருத்திரமூர்த்தி ஓடிவந்து உறையை உருவினார். தெர்மாமீட்டரில் ரசம் நிற்கவேண்டிய கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. உள்ளே பால்துண்டு புளிபோலக் கறுத்து ஒழுகிக் கிடந்தது.

"கன்னையா, ஆர் தொட்டது?"

கன்னையா அந்தப் பெட்டிக்கு வேலையாள். மழையில் பாறை வழுக்கி விழுந்து ஒரு முழங்கால் மடங்காமற் போனவர். மரம் மரமாக ஏறி இறங்கிப் பால்வெட்ட முடியாததால் தோட்டத்துத் துரை இந்த வேலையைக் கொடுத்திருந்தார்.

"நா தொடலைங்க ஐயா. நீங்க சொன்னபடி கதவத் தொறந்து தட்டை உள்ள வச்சேன், மூடுனேன்."

"கதவைத் திறந்தனியோ? அப்ப தொட்டிருக்கிறாய்."

"தொடாம எப்படிங்க தொறக்கிறது?"

உருத்திரமூர்த்தி உறையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, பெட்டிக்கு எதிரே கைகட்டி நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே ரசம் மெல்ல மெல்ல இறங்கி, கோட்டில் வந்து நின்றது. "பாத்தியோ? நான் நிக்கேக்கை ஒழுங்கா நிக்குது." திருப்தியோடு பெட்டிக்கு உறையைப் போட்டுவிட்டுப் போனார். திரும்பவும் கருகியது.

அறைக்குப் பூட்டுப் போட்டார். சூட்டுத் திருகியில் சுண்ணாம்புக் கோடு கீறினார். கதவுக்கு நூல் கட்டி அரக்கு வைத்தார். கன்னையாவைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னார். சில பேருடைய கையில் சூடு கூட என்று, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டக்டருக்கு விளக்கினார். துரை பார்க்க வருகிற நாளில், செந்தாமரை துரையின் கண்ணுக்குச் சரிப்படாதென்று உறை இறங்கும். அன்றைக்குப் பெட்டி, மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் பெண் இருக்கிற மாதிரி அடக்கமாக இருக்கும்.

கடைசியில் கேகாலையிலிருந்து மெக்கானிக் மஷூரை வரவழைத்தார்கள். மஷூர் வயரை இழுத்துப் பார்த்தார், திருகியைக் கழற்றி மாட்டினார், பின்னேரம் வரை பக்கத்திலேயே இருந்தார். ரசம் அசையவில்லை.

"ஐயா, இதுக்கு ஒண்டுமில்ல. எனக்கு முன்னால நல்லாத்தான் ஈக்கிது. நான் போன பொறகு நீங்க என்ன செய்றீங்க?"

"நான் ஒண்டும் செய்யிறேல்லை" என்றார் உருத்திரமூர்த்தி, உறையை எடுத்து மாட்டியபடி.

மறுநாள் கருகியதைப் பார்த்துத் துரைக்குப் பொறுமை போயிற்று. சனிக்கிழமையோடு கன்னையா பால்வெட்டுக்குத் திரும்பட்டும், வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். மடங்காத காலோடு அந்தச் சரிவில் எப்படி என்று துரையும் கேட்கவில்லை. கன்னையா மட்டும், "ஹரிங்க ஐயா, துரை சொன்னா சரிதாங்க. மரம் கொஞ்சம் கீழ எறங்கி வந்தா வெட்டிப்புடுவேன்" என்றார். உருத்திரமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. கெட்ட மனிதர் அல்ல, பாருங்கள்.

புகைநாற்றம் பிடித்த உறையைத் துவைக்க வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். மகாதேவி அதை உட்புறம் வெளியாகத் திருப்பினாள்.

"இஞ்சேருங்கோ, இதை ஆர் தொட்டது?"

அந்தக் கேள்வி தன் பக்கம் திரும்பி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"மடிப்பெல்லாம் கருகிக் கிடக்கு. வட்டமா, நாலு இடத்திலை."

உருத்திரமூர்த்தி பார்த்தார். அந்த நாலு வட்டங்களை அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் பஞ்சுத்தூரிகையால் தூசி தட்டுகிற துளைகள். சூடு வெளியேறுவதற்கென்று சீமைக்காரன் விட்ட துளைகள். உறை கதிரையில் கிடந்த நேரமெல்லாம் ரசம் இறங்கியது, தாமரை ஏறிய நேரமெல்லாம் ரசமும் ஏறியது, எல்லாம் வரிசையாக வந்து அவர் முன்னால் நின்றன.

"ஒருத்தரும் தொடேல்லை" என்றார் மெதுவாக.

"அப்ப தன்ர பாட்டிலை கருகினதோ?"

வெள்ளிக்கிழமை காலையிலேயே பங்களாவுக்கு ஏறினார். பெட்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது, துளைகள் மூடப்பட்டிருந்தன, கன்னையாவில் ஒரு பிழையும் இல்லை என்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஒப்புவித்தார். துரை புகைந்துகொண்டிருந்த சுங்கானை வாயிலிருந்து எடுத்தார்.

"யார் மூடினது?"

அந்தக் கேள்விக்கு அவ்வளவு சூடு உண்டென்று உருத்திரமூர்த்திக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உறை தைத்தது என் மனைவி, சேர்."

துரை வெகுநேரம் சிரித்தார். கன்னையாவின் வேலை தப்பியது. இந்த வாக்குமூலம் மகாதேவியின் காதுக்கு எட்டிய நாளில் அந்த வீட்டு அடுப்பு எரிந்ததா என்று நாம் விசாரிக்கவில்லை.

பெட்டி அதற்குப் பிறகு கருகவில்லை. எப்போதாவது கன்னையா, தட்டை உள்ளே வைத்தபடி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கேட்பதுண்டு:

"உறை எங்கங்க ஐயா?"

"துவைச்சுப் போட்டிருக்கு."

"இன்னும் காயலைங்களா? மழதாங்க காரணம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுக் கிராமபோன் மேல் ஒரு பூத்துணி கிடக்கிறதே, நேற்று அது கரகரத்தபோது முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள்? இந்தப் பக்கத்தின் ஓரம்கூடக் கொஞ்சம் கசங்கியிருக்கிறது. யார் தொட்டது என்று கேட்க வாய் திறக்கிறீர்கள் அல்லவா? கேளுங்கள், அதற்கு முன்னால் அதைப் பிடித்திருக்கிற கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.