ஊருக்கு ஒரு உச்சி

"சார், எங்க கட்டடத்தை இப்படிக் குட்டையாக்கிட்டீங்களே, நியாயமா?"

காலையிலிருந்து குமாஸ்தா கேட்கும் பதினோராவது தொலைபேசிக் குரல் இது. பேசியவர் துறைமுக நகரத்துப் பொறியாளர்.

மாநிலத்தின் ஆறு பெருநகரங்களிலும் மிக உயரமான கட்டடம் எது என்று ஒரு பட்டியல் வேண்டும். எதற்கென்று மேலதிகாரி சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை என் மேஜைல இருக்கணும்" என்றதோடு சரி. அரைப் பக்க வேலைதானே என்று, சரிபார்க்கச் சொல்லி வரைவை ஆறு ஊருக்கும் அனுப்பினார் குமாஸ்தா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அவரேதான்.

"நீங்க கொடுத்த அளவைத்தானே சார் போட்டேன்?"

"அது கூரை வரைக்கும். மேல தண்ணித் தொட்டி இருக்கே, அதை யார் அளக்கறது?"

வாதாடத் தெம்பில்லை. தொட்டியைச் சேர்த்து, விதிப்படி மறுபடியும் எல்லோருக்கும் அனுப்பினார். பத்தே நிமிஷத்தில் ஆலை நகரத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"அவங்களுக்குத் தொட்டின்னா, எங்களுக்கு இடிதாங்கி சார்."

இடிதாங்கியும் ஏறியது. அடுத்து மலை நகரம் வந்தது.

"கடல் மட்டத்துலேர்ந்து அளங்க சார். எங்க ஊர் மாட்டுக்கொட்டகைகூட அவங்க கட்டடத்தைவிட உசரம்."

இன்னொரு ஊர்க்காரர் தரைக்கடியில் இருந்த மூன்று மாடிகளையும் கேட்டார்.

"உயரம் கேட்டா ஆழத்தைச் சொல்றீங்களே, சார்?"

"தோண்டினதும் உழைப்புதானே?"

குமாஸ்தா கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 'கூரை வரை மட்டும்' என்று எழுதினார். அன்றுவரை ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத ஊர்கள் அந்த ஒரு வரியால் ஒன்றுபட்டு, மேலதிகாரியிடம் புகார் செய்தன.

"தரைக்கு மேல நிக்கறது எதுவானாலும் சேர்த்துத் தொலைங்க" என்றார் மேலதிகாரி. "எனக்குத் தலை வலிக்குது."

குமாஸ்தாவுக்கும் வலித்தது. அதை யார் கேட்டார்கள்?

சாயங்காலம் வீடு திரும்பினார். இருபத்து நாலு மாடிக் குடியிருப்பில் உச்சி மாடி அவருடையது. லிஃப்ட் பத்தொன்பதோடு நின்றுவிட்டது. மீதியைக் கால்கள் ஏறின. வாசலிலேயே மனைவியும், குடியிருப்போர் சங்கச் செயலாளரான அவள் தம்பியும் நின்றிருந்தார்கள்.

"நம்ம ஊருக்கு அந்த ஓட்டலைப் போட்டிருக்கீங்களாமே, அத்தான்?"

"அது நம்மளைவிட ஒரு மீட்டர் உசரம், மாப்ளே. கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேனே."

"இத்தனை வருஷமா அந்த ஆபீஸ்ல என்னத்தைக் கண்டோம்?" என்றாள் மனைவி. "குடியிருக்கற இடத்துக்கு ஒரு பேர் வாங்கித் தரக்கூட உங்களால முடியாதா?"

"தரைக்கு மேல நிக்கறது எல்லாம் சேருமாமே" என்றான் மைத்துனன். "நம்ம மொட்டை மாடியில செல்போன் கோபுரம் நிக்குதே. பதினோரு மீட்டர்!"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. "சரி" என்பது சின்ன வார்த்தை; அதுதான் வந்தது.

நெடுநாளுக்குப் பிறகு அவருக்குச் சூடான காப்பி கிடைத்தது. "இந்த ஊருக்கே நாங்கதான் உசத்தி" என்று மனைவி உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பட்டியலை வாங்கிப்போகத் தீயணைப்பு நிலையத்து ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார். ஒருவழியாகப் பீடை விட்டது என்று குமாஸ்தா உறையை ஒட்டி அவரிடம் நீட்டினார்.

"ஆமா, உங்களுக்கு எதுக்குப்பா இது?"

ஓட்டுநர் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க ஏணி அவ்வளவு உசரம் எட்டாதாம் சார்; அதனால முதல் கட்டமா, ஊருக்கு ஊர் இருக்கறதிலேயே உசரமான கட்டடத்துல மேல் அஞ்சு மாடியைத் திங்கட்கிழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லி உத்தரவு."